பகாய் குடும்ப வரலாற்று ஆய்வு

பகாய் குடும்ப வரலாற்று ஆய்வு என்பது, பகாய் (பஹாய்) சமயத்தைத் தொடக்க காலத்தில் ஏற்றுக்கொண்டவர்களின் பிறப்பிடம், முன்னோர், மணவுறவு, இடப்பெயர்வு ஆகியவற்றைச் சான்றுகளைக் கொண்டு கண்டறியும் முயற்சி ஆகும். இது குடிவழி ஆய்வின் ஒரு பகுதியாகவும், சமய வரலாற்றின் துணைத் துறையாகவும் அமைகின்றது. இக்கட்டுரை தென்னிந்தியாவையும், குறிப்பாக விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இவ்வாய்வுக்குப் பயன்படும் ஆவணங்களையும் பற்றியது.

பின்னணி

பகாய் சமயம் 19ஆம் நூற்றாண்டில் ஈரானில் தோன்றியது. 1844ஆம் ஆண்டு சிராசு நகரில் பாப் தமது அறிவிப்பை வெளியிட்டார். அவரை முதலில் ஏற்ற 18 சீடர்களுள் ஒருவர் இந்தியாவைச் சேர்ந்த சயீத் இந்தி ஆவார். எனவே இச்சமயத்துடனான இந்தியத் தொடர்பு அதன் முதல் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது எனலாம். பாபைத் தொடர்ந்து வந்த பகாவுல்லா (1817–1892) இச்சமயத்தை நிறுவியவராகக் கருதப்படுகின்றார்.

அக்கால ஈரானில் நிலையான குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பரவலாக இருக்கவில்லை. ஒருவர் தம் ஊரின் பெயராலோ தொழிலின் பெயராலோ அறியப்பட்டார். யசுது ஊரினர் 'யசுதி' எனவும், சிராசு ஊரினர் 'சிராசி' எனவும் அழைக்கப்பட்டனர். இதனால் ஒரே பெயர் கொண்ட இருவர் உறவினரா, வெறும் ஊராரா என்று பிரித்தறிவது கடினம். தமிழரிடையேயும் தந்தை பெயரே முன்னெழுத்தாக அமைவதால், குடும்பப் பெயரை மட்டும் பின்பற்றி மரபைத் தேட இயலாது. இரண்டு மரபுகளிலும் ஊர்ப் பெயரே ஆய்வின் முதல் திறவுகோல் ஆகும்.

சென்னையும் சையது முஸ்தபா ரூமியும்

பகாவுல்லாவின் பணிப்பின்படி இந்தியாவுக்கு வந்த சமால் எபெண்டி, 1870களில் இந்தியாவின் பல நகரங்களுக்குப் பயணம் செய்தார். அவர் வழியாக இச்சமயத்தை ஏற்றவருள் முக்கியமானவர் சையது முஸ்தபா ரூமி. ஈராக்கிய மரபைக் கொண்ட முஸ்லிம் குடும்பமொன்றில் சென்னையில் பிறந்த இவர், 1878இல் சமால் எபெண்டியுடன் பர்மாவுக்குச் சென்றார். இரங்கூன், மண்டலை ஆகிய நகரங்களில் பகாய் சமூகங்கள் உருவாக இருவரும் காரணமாயினர்.

பாபின் உடலை அடக்கம் செய்வதற்கான பளிங்குப் பேழை இரங்கூனில் செய்யப்பட்டது. அதனைப் புனித நாட்டுக்குக் கொண்டு சென்றோருள் ரூமியும் ஒருவர். 1909 மார்ச் 21 அன்று கைபா நகரின் கார்மல் மலையில் அப்துல் பகா அப்பேழையில் பாபின் உடலை அடக்கம் செய்தார். குஞ்சாங்கோனுக்கு அருகிலுள்ள தைதனாவ் என்னும் சிற்றூர் ரூமியின் முயற்சியால் பகாய் ஊராக மாறியது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1945இல், அவ்வூர் தாக்கப்பட்டபோது ரூமி கொல்லப்பட்டார். அவர் கல்லறை அங்கேயே உள்ளது. அவர் மறைந்தபின் சோகி எபெண்டி அவருக்கு 'இறைசமயத் திருக்கரம்' என்னும் தகுதியை வழங்கினார்.

ஈராக், சென்னை, பர்மா என மூன்று நிலங்களைத் தொட்ட இவ்வாழ்க்கை, குடும்ப வரலாற்று ஆய்வின் இயல்பை நன்கு காட்டுகின்றது. ஒரு குடும்பத்தின் சான்றுகள் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. போர், தீ, புலப்பெயர்வு ஆகியவற்றால் ஒரு நாட்டில் அழிந்த செய்தி, பிறிதொரு நாட்டின் கடிதத்திலோ பதிவேட்டிலோ தப்பியிருக்கக்கூடும்.

20ஆம் நூற்றாண்டில் பரவல்

இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் பொதுவான தேசிய ஆன்மிகச் சபை 1923இல் அமைந்தது. 1953இல் தொடங்கிய பத்தாண்டுத் திட்டத்தில், அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால், மாகே ஆகியவை தனித்தனி இலக்குகளாகக் குறிக்கப்பட்டன. விழுப்புரமும் திண்டிவனமும் புதுச்சேரிக்கு மிக அண்மையில் உள்ளவை. 1961 முதல் மத்தியப் பிரதேசத்தின் மால்வா பகுதியில் ஊர்ப்புற மக்கள் பெருந்தொகையாக இச்சமயத்தில் இணைந்தனர். அதற்கு முன்னர் இந்தியா முழுவதும் ஆயிரத்திற்கும் குறைவான பகாய்களே இருந்தனர். மலேசியாவில் தோட்டத் தொழிலாளர்களான தமிழர் பலரும் 1960களில் இணைந்தனர்.

குடிவழியும் சமயவழியும்

பகாய் சமயத்தில் உறுப்புரிமை பிறப்பால் வருவதன்று. 15 வயது நிறைந்தபின் ஒருவர் தாமே தம் நம்பிக்கையை உறுதிசெய்கின்றார். ஆகவே ஒரு குடும்பத்தில் தந்தை பகாயாகவும், மகன் வேறு சமயத்தினராகவும் இருக்கலாம். குடிவழி மரத்தையும் சமயம் பரவிய வழியையும் தனித்தனியே வரைவதே சரியான முறையாகும். 'யாருக்கு யார் பிள்ளை' என்பது ஒரு வினா. 'யார் மூலம் யார் அறிந்தார்' என்பது மற்றொரு வினா.

சமூக ஆவணங்கள்

* உறுப்பினர் அட்டை: இணைந்தவர் கையொப்பமிட்ட அட்டை. எழுதப் படிக்கத் தெரியாதவரின் கைநாட்டும் இதில் இருக்கும்.
* சபைப் பதிவுகள்: 9 உறுப்பினர் கொண்ட உள்ளூர் ஆன்மிகச் சபை ஆண்டுதோறும் ஏப்ரலில், ரிசுவான் காலத்தில் தேர்ந்தெடுக்கப்படுகின்றது. உறுப்பினர் பட்டியலைக் கொண்டு ஒருவர் அவ்வூரில் இருந்த காலத்தை அறியலாம்.
* திருமணச் சான்று: பகாய் திருமணத்துக்கு மணமக்களுடன், உயிரோடுள்ள பெற்றோர் அனைவரின் ஒப்புதலும் தேவை. எனவே திருமண ஆவணங்கள் இரு தலைமுறைகளின் பெயர்களைத் தரக்கூடும்.
* கல்லறை: பகாய் முறைப்படி உடல் எரிக்கப்படுவதில்லை. இறந்த இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்கு மேற்படாத தொலைவில் புதைக்கப்பட வேண்டும். ஆகவே கல்லறை இருக்குமிடம் இறந்த இடத்தையும் ஏறத்தாழக் காட்டும்.
* வெளியீடுகள்: 'பகாய் உலகம்' தொகுதிகளின் நினைவுக் குறிப்புகள். தொடக்ககால நம்பிக்கையாளர் ஏறத்தாழ 70 பேரைப் பற்றி அப்துல் பகா கூறிய வாழ்க்கைக் குறிப்புகளும் தனி நூலாக உள்ளன.

விழுப்புரம், திண்டிவனம் பகுதியின் அரசு ஆவணங்கள்

விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாவட்ட அளவிலான ஆவணங்களைத் 'தென்னார்க்காடு' என்ற தலைப்பில், கடலூரைத் தலைநகராகக் கொண்டு தேடவேண்டும். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதால், இன்றைய மாவட்டப் பெயரை மட்டும் நம்பித் தேடுவோர் பல பதிவுகளைத் தவறவிடுவர்.

பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை ஊர்களில் கர்ணம், மணியக்காரர் முதலிய கிராம அலுவலர்கள் பேணிவந்தனர். 1980இல் அப்பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் முறை வந்தது. பழைய பிறப்புப் பதிவுகளில் குழந்தையின் பெயர் இல்லாமல், 'ஆண்' அல்லது 'பெண்' என்ற குறிப்புடன் பெற்றோர் பெயர் மட்டும் இருப்பது உண்டு. எனவே தந்தை பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் சேர்த்தே தேடவேண்டும்.

சார்பதிவாளர் அலுவலகத்திலுள்ள கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவை குடிவழிக்கு மிகச் சிறந்த சான்றுகள் ஆகும். பாகப்பிரிவினையில் உடன்பிறந்தோர் பெயர்கள் ஒருங்கே காணப்படும். வில்லங்கச் சான்றின் வழி பத்திர எண்ணை அறிந்து, பின்னர் நகல் பெறலாம். 'அ' பதிவேடு, சிட்டா ஆகியவை நிலவுடைமையாளரைக் காட்டுகின்றன. நிலமற்ற குடும்பங்கள் இவற்றில் இடம்பெறுவதில்லை. அவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் வாக்காளர் பட்டியலுமே பெரும்பாலும் துணை. பள்ளிப் பதிவேட்டிலுள்ள பிறந்த நாள், சேர்க்கை வயதுக்கு ஏற்பக் குத்துமதிப்பாக எழுதப்பட்டதாக இருக்கலாம் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

புதுச்சேரியில் பிறந்தோர் அல்லது மணம் புரிந்தோர் பற்றிய பிரெஞ்சுக் குடிமைப் பதிவேடுகள் தனிச் சிறப்புடையவை. அவற்றின் பழைய பகுதிகள் பிரான்சின் ஏக்சு நகரிலுள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் கிடைக்கின்றன. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மாகாண ஆட்சிக்கால ஆவணங்கள் உள்ளன. 1964 முதல் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்குத் தாயகம் திரும்பியோர் அடையாளச் சான்றுகளும் பயன்படும்.

காலக் கணிப்பு

பகாய் ஆண்டுக் கணக்கு 1844 மார்ச்சில் தொடங்குகின்றது. ஓராண்டில் தலா 19 நாட்கள் கொண்ட 19 மாதங்களும் சில இடைநாட்களும் உண்டு. பகாய் ஆண்டுடன் 1843ஐக் கூட்டினால், அது தொடங்கும் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, பகாய் ஆண்டு 118 என்பது 1961 மார்ச்சில் தொடங்கியது. பகாய் நாள் சூரியன் மறையும்போது தொடங்குவதால் ஒரு நாள் வேறுபாடும் நேரலாம்.

தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீள வருகின்றன. 'பிரபவ' என்பது 1867, 1927, 1987 ஆகிய மூன்றில் எதையும் குறிக்கலாம். தலைமுறைக் கணக்கைக் கொண்டே அதனை முடிவு செய்யவேண்டும்.

கணக்கெடுப்பும் சமயப் பதிவும்

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பகாய் எனப் பதிவானோர் 2001இல் 11,324 பேரும், 2011இல் 4,572 பேரும் ஆவர். பகாய் சமூகத்தின் மதிப்பீடோ ஏறத்தாழ 20 இலட்சம் ஆகும். சமயத்தில் இணைந்தபின்னும் பழைய சமூக அடையாளத்தையும் வழக்கங்களையும் விடாதிருப்போர் பலர் என்பது இவ்வேறுபாட்டுக்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று.

இதில் சட்டம் சார்ந்த ஒரு காரணியும் உண்டு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி, அத்தகுதி இந்துக்களுக்கும், 1956, 1990 ஆண்டுத் திருத்தங்களின் பின் சீக்கியர், பௌத்தர் ஆகியோருக்கும் மட்டுமே உரியது. பகாய் சமயம் அதில் இல்லை. கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவற்றில் இட ஒதுக்கீட்டை இழக்கக்கூடிய குடும்பத்துக்குச் சான்றிதழில் எழுதப்படும் ஒரு சொல் பெரும் விளைவை உண்டாக்கும். எனவே அரசு ஆவணத்தில் 'இந்து' என்றிருப்பதைக் கொண்டு ஒருவர் பகாய் அல்லர் என முடிவு செய்தல் கூடாது. அவ்வாறே, வாழ்வோரின் சமயத்தை அவர்தம் இசைவின்றி வெளியிடுதலும் தகாது.

வாய்மொழி வரலாறு

எழுத்துச் சான்று குறைவாக உள்ள ஊர்ப்புறங்களில் முதியோரின் நினைவே முதன்மைச் சான்று. ஆண்டு நினைவில்லாதவரிடம் பொதுநிகழ்வுகளைத் துணைகொண்டு கேட்பது பயன் தரும். புதுச்சேரியின் ஆட்சி கைமாறிய 1954, சாத்தனூர் அணை திறக்கப்பட்ட 1958, சட்டமன்றத் தேர்தல் நடந்த 1967 ஆகியன இவ்வட்டாரத்துக்குப் பொருந்தும் அடையாளங்கள். பெண்களிடம் தனியே கேட்பது இன்றியமையாதது. ஆவணங்கள் தந்தைவழியையே மிகுதியாகப் பதிகின்றன; தாய்வழி ஊர், கொள்வினை கொடுப்பினை ஆகியவற்றைப் பெரும்பாலும் பெண்களே நினைவில் வைத்துள்ளனர். 1960களில் இளைஞராய் இணைந்தோர் இன்று 80 வயதை அடைந்துள்ளமையால், இப்பணி காலந்தாழ்த்த இயலாதது ஆகும்.

இவற்றையும் பார்க்க

* பகாய் சமயம்
* தென்னார்க்காடு மாவட்டம்
* வாய்மொழி வரலாறு
* தமிழ்நாடு ஆவணக் காப்பகம்