இரட்டைப் பூட்டும் கடவுச்சொல்லும்



நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 'மோ த பாஸ்' என்றொரு சொல் பாடத்தில் வரும். கோட்டை வாசலில் அதைச் சொன்னால்தான் காவலாளி உள்ளே விடுவான். தமிழில் கடவுச்சொல் என்கிறோம். பொருள் அதேதான்.

கணினிக்கு இது வந்தது 1960களின் தொடக்கத்தில். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்ததால், பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். 1962-லேயே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று, எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார்! பூட்டு வந்த கையோடு கள்ளச்சாவியும் வந்துவிட்டது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலம். முதலில் பெற்ற நகரங்களில் சென்னையும் ஒன்று. மோடம் கீச்சிட்டு இணைப்பு வரும். இணைப்பு இருக்கும் வரை வீட்டுக்கு போன் வராது. வேலை முடிந்ததும் துண்டித்துவிடுவோம். கதவைச் சாத்தியது போலத்தான். இன்று கேமரா, டி.வி., மோடம் எல்லாம் இரவும் பகலும் இணைப்பிலேயே இருக்கின்றன.

இதன் ஆபத்து 2016 அக்டோபர் 21 அன்று தெரிந்தது. 'மிராய்' என்ற தீய நிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்து வைத்திருந்தது. அதன் கையில் இருந்தது அறுபது சொச்சம் கடவுச்சொற்களின் பட்டியல்தான். அந்தக் கருவிகள் ஒன்றாகச் சேர்ந்து டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை பல மணி நேரம் தடுமாறின. 2017 ஜூலையில் நம் நாட்டிலும் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் தாக்கப்பட்டன. அங்கும் காரணம், மாற்றப்படாத 'அட்மின்'தான்.

சென்ற ஆண்டு தாம்பரத்தில் எங்கள் குடியிருப்புக்குக் கேமரா பொருத்தினார்கள். பொருத்திய பையனிடம், "தம்பி, பாஸ்வேர்டு என்னப்பா?" என்றேன்.

"அட்மின், ஒன் டூ த்ரீ சார். எல்லா வீட்டுக்கும் அதான் சார் வைப்போம். மறக்காது."

எனக்குப் பகீரென்றது. நான் கருவூலத்தில் எழுத்தராக இருந்தவன். அங்கே பண அறைக்கு இரட்டைப் பூட்டு. இரண்டு சாவியும் ஒருவரிடம் இருக்கக் கூடாது. ஒருவர் மாறுதலில் போனால், சாவியை எண்ணிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்காமல் பொறுப்பு மாறாது. இன்று வங்கி அனுப்பும் ஓ.டி.பி.யும் அந்த இரண்டாவது சாவிதானே!

அந்தப் பையனை உட்கார வைத்து, அன்றே கடவுச்சொல்லை மாற்றினோம். புதியதைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, சங்கச் செயலாளரின் பீரோவில் வைத்துக் கையெழுத்தும் வாங்கினேன். "உமக்கு இன்னும் ஆபீஸ் புத்தி போகலை ஓய்" என்று சிரித்தார்.

சிரிக்கட்டும். கடையில் பணம் கொடுத்தால் மட்டும் கருவி நம் பொறுப்புக்கு வந்துவிடாது. பழைய சாவியை மாற்றும் வரை அது ஊருக்கே பொது. உங்கள் வீட்டு மோடத்துக்கு யார் வைத்த கடவுச்சொல் இருக்கிறது? இன்று மாலை பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள்.