கொங்கு நாவலில் வளரிளம் பருவம்

'இளையோர் நாவல்' என்னும் பிரிவு மேலைநாட்டில் தனித்து வேரூன்றுவதற்கு, 1967இல் வெளிவந்த எஸ்.ஈ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' பெருந்துணை செய்தது. பள்ளி மாணவியாக இருந்தபோதே அவர் எழுதத் தொடங்கிய அந்நாவல், பெற்றோரை இழந்த உடன்பிறந்தாரையும் அவர்தம் தோழர்களையும் பற்றியது. தமிழில் அப்பெயரால் ஒரு பிரிவு வலுப்பெறவில்லை. எனினும், குடும்பமும் நட்பும் ஒருசேர மாறுகின்ற அப்பருவத்தைத் தமிழ் நாவல் அறியாததன்று. கொங்கு மண்ணே அதற்குச் சான்று தருகிறது.

கொங்கு வட்டார நாவலின் முன்னோடியான ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வெளிவந்தது. கணவனை இழந்த ஒருத்தி நிலத்தில் பங்கு கேட்க, கூட்டுக்குடும்பம் பிளந்து கொலையில் முடிகிறது. நிலம் பிரிந்தால் உறவும் பிரியும் என்பதை அந்நாவல் நிறுவிற்று. ஆனால், அது பெரியவர்களின் வழக்கு. அதனை வளரும் பிள்ளையின் கண்ணால் காணும் முயற்சி பின்னரே கைகூடியது.

1966இல் பிறந்த பெருமாள்முருகனின் முதல் நாவல் 'ஏறுவெயில்' 1991இல் வெளிவந்தது. குடியிருப்புக் காலனிக்காக வேளாண்குடும்பம் ஒன்றின் நிலம் கைமாறுகிறது. அதன்பின் அக்குடும்பம் சிதைவதை வளரிளம் பருவத்துச் சிறுவன் ஒருவன் காண்கிறான். கொங்கு வழக்கில் 'காடு' என்பது மானாவாரி நிலத்தையும், 'தோட்டம்' என்பது கிணற்றுப் பாசன நிலத்தையும் குறிக்கும். பெரியவர்களுக்கு உழைப்பிடமாகிய காடு, பிள்ளைகளுக்கு விளையாட்டிடமுமாகும். ஆகவே, காடு மனையாகும்போது பெரியவர் இழப்பது விளைச்சலை. சிறுவன் இழப்பதோ உறவையும் தோழமையையும் ஒருங்கே. இவ்விரட்டை இழப்பே வளரிளம் பருவ நாவலின் உயிர்நிலை எனலாம்.

2000இல் வெளிவந்த 'கூளமாதாரி' இன்னும் ஆழமான வினாவை எழுப்புகிறது. கவுண்டர் பண்ணயத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட தலித் சிறுவன் கூளையன். மேய்ச்சல் காட்டில் அவனுக்குக் கூட்டாளிகள் உண்டு. பண்ணயக்காரரின் மகன் செல்வனும் உடன் பழகுகிறான். காட்டில் தோழமைபோலத் தோன்றும் அவ்வுறவு, வீட்டு வாசலில் ஆண்டான் அடிமை உறவாகிவிடுகிறது. பிற நாட்டு இளையோர் நாவல்களில் வயது ஏற ஏற நண்பர் விலகுவர். இங்கே விலகலைச் சாதி முன்னரே எழுதிவைத்துள்ளது. வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2005இல் கிரியாமா பரிசின் இறுதிப்பட்டியலில் இடம்பெற்றது. கொங்குச் சிறுவரின் துயரம் உலக வாசகரை எட்டியமைக்கு இது சான்றாகும்.

இந்நாவல்கள் பெரியவர்களுக்கான நூல்களாகவே எண்ணப்படுகின்றன. தம் கதையே அவற்றில் இருப்பதைப் பதினைந்து வயதினர் அறிய வாய்ப்புக் குறைவு. நொய்யலும் குளங்களும் விசைத்தறிகளும் விமானதளமும் கூடிய சூலூர் வட்டாரத்திலும் காடுகள் மனைகளாகி வருகின்றன. அங்கு வளரும் பிள்ளைகளும் அதே இழப்பைச் சொல்லின்றிச் சுமக்கின்றனர். அச்சுமைக்குச் சொல் தருவது இலக்கிய வட்டங்களின் கடமை. இந்நூல்களை இளையோர் கையில் சேர்ப்பது அதன் முதற்படி. அவர்களுக்கெனவே புதிய நாவல்கள் எழுதப்படுவது அடுத்தபடி.