வாரம் ஒரு அத்தியாயம்: தமிழ் நாவலின் முதல் பிரதி

குட்வில் எஸ்டேட்டில் எங்கள் வீட்டு மர அலமாரியில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் 'நாவல்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அப்புறம் 40 பக்கத்துக்கு அத்தியாயப் பட்டியல், பாத்திரங்களின் வயது, கப்பல் வந்த மாதம் எல்லாம் உண்டு. கதை மட்டும் ஒரு வரி கிடையாது. மெட்ராஸில் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்த என் அப்பாவின் கதை அது.

"எல்லாத்தையும் முன்னாடியே தீர்மானிச்சிட்டா அப்புறம் எதுக்குப்பா எழுதணும்?" என்று மகள் கேட்டுவிட்டாள். பதில் தெரியாமல் நம் முன்னோடிகள் என்ன செய்தார்கள் என்று தேடினேன். கிடைத்ததை மலர் அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தமிழ் நாவலில் பெரும்பங்கு தொடர்கதையாகப் பிறந்ததுதான். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் மாதாமாதம் வந்தது. அச்சான அத்தியாயத்தைத் திருப்பி வாங்க முடியாது. முதல் பிரதியே கடைசிப் பிரதி. இங்கிலாந்தில் டிக்கன்ஸுக்கும் இதே பாடுதான். 1836இல் போகிறபோக்கில் எழுதத் தொடங்கியவர், 1846க்குப் பிறகு ஒவ்வோர் இதழுக்கும் தனித்தாளில் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டார்.

கல்கிக்கு வரலாறே திட்டம். 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி, மூன்றரை ஆண்டு வாராவாரம் வந்தது. ஆதித்த கரிகாலன் சாகவேண்டும், மதுராந்தகன் பட்டமேற வேண்டும். இதை அவரால் மாற்ற முடியாது. உடையார்குடிக் கல்வெட்டு கொலையாளிகளில் ரவிதாசன் பெயரைச் சொல்கிறது, அவனும் கதைக்குள் வந்துவிட்டான். ஆனால் நந்தினியும் பூங்குழலியும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. எலும்புக்கூடு உறுதியாக இருந்ததால்தான் சதையை அந்தந்த வாரம் துணிந்து வைத்தார் என்பது என் ஊகம். அப்படியும் கதை சட்டென்று முடிந்துவிட்டது என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். முடிவுரையில், பாத்திரங்களுக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று விளக்கவேண்டி வந்தது. (அந்த அருள்மொழிவர்மனின் மகன் ராஜேந்திரனுடைய மெய்க்கீர்த்தியில்தான் நம் நக்கவாரம் வருகிறது. தீவுக்காரர்கள் அந்த நாவலை இன்னும் கொஞ்சம் உரிமையோடு படிக்கலாம்.)

ஜெயகாந்தன் கதை வேறு. 1966இல் 'ஆனந்த விகட'னில் 'அக்னிப் பிரவேசம்' வந்தது. கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய பெண்ணின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். ஊரெல்லாம் சர்ச்சை. கதை அச்சேறி முடிந்துபோன விஷயம் என்று அவர் விடவில்லை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கத்திக் கூப்பாடு போட்டிருந்தால்? அந்தக் கேள்வியிலிருந்து 'தினமணி கதி'ரில் 'காலங்கள் மாறும்' என்ற தொடர் பிறந்தது. 1970இல் புத்தகமானபோது 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. முந்தைய கதையை எழுதியவராக ஓர் எழுத்தாளரையே உள்ளே பாத்திரமாக வைத்தார். 1966இல் உட்கார்ந்து போட்ட எந்தத் திட்டத்திலும் இது இருந்திருக்க வழியில்லை.

அப்படியானால் என் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா? அங்கேதான் அ. மாதவையா என்னைத் தடுத்தார். 1892இல் 'விவேக சிந்தாமணி'யில் தொடங்கிய 'சாவித்திரி சரித்திரம்' பாதியில் நின்றது. 1903இல்தான் 'முத்துமீனாக்ஷி'யாக முழுமை பெற்றது. 'பத்மாவதி சரித்திர'த்தின் முதல் பாகம் 1898இல் வெளிவந்தது. மூன்றாம் பாகத்தைத் தம்முடைய 'பஞ்சாமிர்தம்' பத்திரிகையில் தொடங்கினார். 1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழக செனட்டில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயமாக்கவேண்டும் என்று பேசி உட்கார்ந்தவர் அங்கேயே உயிர்விட்டார். அந்தப் பாகம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கல்கியும் 1954 டிசம்பர் 5ஆம் தேதி, 55 வயதில், 'அமரதாரா'வை நடுவில் விட்டுப் போனார். ஆனால் குறிப்புகள் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு மகள் ஆனந்தி மிச்சத்தை எழுதி முடித்தார். அப்பா எழுதியிருந்தால் இப்படியே முடிந்திருக்குமா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. வாரத்துக்கு வாரம் அவர் கைக்கு என்ன வந்திருக்கும் என்று யார் கண்டார்கள்! ஆனாலும் வாசகர் கைக்கு ஒரு முடிவு வந்து சேர்ந்தது.

எனக்கு இப்போது கல்கியைவிட வயது அதிகம். அப்பாவோடு அந்தக் கப்பலில் வந்தவர்களில் ஒருவர்கூட மிச்சமில்லை. அந்த 40 பக்கத்தில் இருப்பது வேறு எங்கும் இல்லை. நோட்டை மகளிடம் கொடுத்து, பத்திரமாக வைக்கச் சொன்னேன்.

"உங்களுக்கு வேண்டாமாப்பா?"

"வேணும்னா கேக்கறேன்."

வேறு நோட்டு வாங்கி, போன மாதம் முதல் அத்தியாயத்தைத் தொடங்கினேன். பட்டியல்படி அப்பா தனியாகக் கப்பலேற வேண்டும். ஆறாவது பக்கத்தில், பட்டியலில் இல்லாத ஓர் ஆள் துணி மூட்டையோடு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.