பிளாக்பள்ளி: பெயர்க் காரணம்

பெங்களூரு சிவாஜிநகரின் பழைய பெயர் பிளாக்பள்ளி. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காய்ச்சலுக்குத் தப்பி 1809இல் ஆங்கிலேயப் படை பெங்களூருக்கு வந்து பாளையம் இறங்கியது. அதை ஒட்டிப் பிழைக்க வந்த வணிகரும் தொழிலாளரும் நிறைந்த கடைவீதிப் பகுதி இது. அவர்களில் தமிழர் மிகுதி. பெயருக்கு மூன்று விளக்கங்கள் வழங்குகின்றன. பாளையத்தின் தெருக்களைத் திட்டமிட்ட பொறியாளர் ஜான் பிளாக்கிஸ்டனின் பெயர் என்பது ஒன்று. சென்னையின் 'பிளாக் டவுன்' எனும் கறுப்பர் நகரம் போல இந்தியர் குடியிருப்பை வெள்ளையர் அப்படி அழைத்தனர் என்பது இன்னொன்று. வெள்ளரிசி விளைந்த ஊராதலால் கன்னடத்தில் 'பிளி அக்கி பள்ளி' என்றிருந்தது, ஆங்கிலேயர் வாயில் திரிந்தது என்பது மூன்றாவது.

மூன்றாவதே பொருந்துகிறது. அதற்கு முதல் சாட்சி 'பள்ளி' என்ற ஈறு. இந்நகரில் அதிகாரிகளின் பெயரால் அமைந்த ஃபிரேசர் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன் எல்லாமே 'டவுன்' என்றே முடிகின்றன. கிராமத்தைக் குறிக்கும் ஈற்றை ஒரு பொறியாளரின் பெயரோடு, அதுவும் பாதிப் பெயரை வெட்டிவிட்டு ஒட்டுவானேன்? கறுப்பர் நகர விளக்கமும் இங்கேதான் இடறுகிறது: சென்னையில் இரு சொல்லும் ஆங்கிலம், இங்கே பின்பாதி உள்ளூர்ச் சொல். 'பிளியக்கி' வேகமாகப் பேசினால் 'பிளக்கி' ஆகும். திருவல்லிக்கேணியை 'டிரிப்ளிகேன்' ஆக்கிய காதுக்கு அது 'பிளாக்' என்று கேட்டிருந்தால் வியப்பில்லை.

ஒலி ஒத்துப்போவதாலேயே நம்பக்கூடாது, ஊர்க்கதைகள் ஒலியைப் பார்த்துத்தானே பிறக்கின்றன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அரிசிக் கதையைப் பெரிதும் சுமந்து வருவது சிவாஜிநகரில் உள்ள புனித மரியாள் பேராலயத்தின் மரபு. செஞ்சிப் பக்கமிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவ உழவர்களுக்காக 1818இல் அபே துபுவா எழுப்பிய காணிக்கை மாதா சிற்றாலயத்திலிருந்து வளர்ந்தது அது. ஆனால் அவர்கள் தாமே ஒரு கதை கட்டியிருந்தால் தமிழில் கட்டியிருப்பார்கள். கன்னடச் சொல்லைச் சொல்லிவந்ததே, பெயர் அவர்களுக்கு முன்பே அங்கிருந்தது என்பதற்கு ஆதரவு. கன்னடமென்றால் 'ஹள்ளி' என்றல்லவா முடியவேண்டும் என்பது வலுவான மறுப்புத்தான். பழங்கன்னடத்துப் பகரமே பிற்காலத்தில் ஹகரமானது. போதாததற்கு இங்கே அந்தப் பெயரை அன்றாடம் புழங்கியவர்கள் தமிழரும் தெலுங்கரும். அவர்கள் நாவில் 'பள்ளி'தான் நிற்கும். அரிசிக்குப் பதில் வெள்ளைப் பறவை, அதாவது 'பிளி ஹக்கி' என்போரும் உண்டு. ஹகரம் இல்லாத தமிழ் நாவில் ஹக்கியும் அக்கியும் ஒன்றே. ஏரிகள் சூழ்ந்த இடத்தில் நெல்லுக்கும் கொக்குக்கும் பஞ்சமில்லை. எதுவானாலும் பெயர் பாளையத்துக்கு மூத்தது.