பாவத்தின் பற்று வரவு

1517-ம் வருஷம். ஜெர்மனியில் யூட்டர்போக் என்று ஒரு சின்ன ஊர். காலையிலிருந்தே சர்ச் மணி அடித்துக்கொண்டிருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள், பாதிரியார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் கையில் கொடியும் மெழுகுவத்தியுமாக ஊர் எல்லைக்குப் போகிறார்கள். யாரோ மகாராஜா வருகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். வருகிறவர் ஒரு சாமியார். பெயர் யோஹான் டெட்சல். அவருக்கு முன்னால் வெல்வெட் மெத்தையில் வைத்துத் தூக்கி வரப்படுவது போப்பாண்டவரின் ஆணைப் பத்திரம். பின்னாலேயே வருகிறது ஒரு இரும்புப் பெட்டி.

பெட்டியின் சாவி சாமியாரிடம் இல்லை. அது பாங்க் ஏஜெண்டிடம் இருக்கிறது.

பாங்குக்கும் பாவமன்னிப்புக்கும் என்ன சம்பந்தம்? அதைச் சொன்னால் ஐரோப்பாவின் சரித்திரத்தில் பாதியைச் சொன்ன மாதிரி. அதற்கு முன்னால் ஒரு வார்த்தையைப் பார்த்துவிடுவோம்.

மீட்பு. பெண் கல்யாணத்துக்காக அடகுக்கடையில் வைத்த வளையலை மீட்கிறோம் இல்லையா? அசலைக் கட்டி, வட்டியைக் கட்டி, சீட்டைக் கொடுத்து, பொருள் கைக்கு வந்தால்தான் மீட்பு. கிறிஸ்தவர்கள் இயேசுவை மீட்பர் என்று சொல்கிறார்களே, அதுவும் சாட்சாத் இதே சொல்தான். புதிய ஏற்பாட்டின் மூல மொழியான கிரேக்கத்திலேயே அது சந்தைச் சொல். அடிமையையோ போர்க்கைதியையோ விலை கொடுத்து விடுவிப்பதற்கு அந்தப் பெயர். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில்கூட, மத்தேயுவின் சுவிசேஷத்தில் பாவம் என்ற இடத்தில் 'கடன்' என்றுதான் இருக்கிறது. நம்மூர்ப் பழைய தமிழ் பைபிளிலும் அப்படியே.

ஆக, மனிதன் கடன்காரன். ஆதாம் செய்த பாவம் பரம்பரைக் கடனாகத் தொடர்கிறது. அவனவன் செய்கிற பாவம் அதன் மேல் ஏறுகிறது. கட்டித் தீர்க்க வழியில்லை. கடவுளின் குமாரனே வந்து, சிலுவையில் தன் உயிரைக் கொடுத்து அதைத் தீர்த்தார். கிறிஸ்தவத்தின் மையம் இதுதான்.

சரி, விலை கொடுத்தார். யாரிடம் கொடுத்தார்?

சிரிக்காதீர்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பெரிய பெரிய மூளைகளைக் குடைந்த கேள்வி இது. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன், 'சாத்தானிடம்' என்றார். மனிதனைப் பிடித்து வைத்திருந்தவன் அவன்தானே? கான்டர்பரி பேராயர் ஆன்செல்முக்கு இது பிடிக்கவில்லை. திருடனுக்கு யாராவது விலை கொடுப்பார்களா? 1098-ல் எழுதி முடித்த புத்தகத்தில் அவர் வேறு கணக்குப் போட்டார். மனிதன் கடவுளின் மகிமைக்குக் கடன்பட்டிருக்கிறான். கட்ட வேண்டியவன் மனிதன். கட்டக்கூடிய சக்தி கடவுளுக்கு மட்டும்தான். அதனால்தான் கடவுளே மனிதனாக வந்தார். அடுத்த தலைமுறையில் வந்த அபேலார்ட், கணக்குவழக்கே வேண்டாம் என்று ஒதுங்கினார். சிலுவை என்பது அன்பின் உச்சம். அதைப் பார்த்து மனிதன் மனம் உருகித் திரும்புகிறான், அதுவே மீட்பு என்றார்.

இதெல்லாம் பண்டிதர்கள் சண்டை. சாதாரண ஜனங்களின் கவலை வேறு. ஞானஸ்நானம் வாங்கினால் அதுவரை செய்த பாவம் எல்லாம் கழுவப்படும். ரொம்ப சந்தோஷம். அதற்கு அப்புறம் செய்கிற பாவத்துக்கு?

ரோமச் சக்ரவர்த்தி கான்ஸ்டன்டைன், கிறிஸ்தவத்தை ஆதரித்து வளர்த்தவர், தான் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டது 337-ல், மரணப் படுக்கையில்தான். அந்தக் காலத்தில் பலரும் இப்படித் தள்ளிப்போட்டார்கள். கழுவிய பிறகு மறுபடி அழுக்காகிவிடக் கூடாதே என்ற பயம்.

எல்லோராலும் சாகும் நேரத்தைக் கணக்குப் பண்ண முடியுமா? ஆகவே பாவசங்கீர்த்தனம் வந்தது. ஆறு, ஏழாம் நூற்றாண்டுகளில் ஐரிஷ் துறவிகள் இந்தப் பாவத்துக்கு இத்தனை நாள் உபவாசம், அந்தப் பாவத்துக்கு இத்தனை வருஷத் தவம் என்று பட்டியலே போட்டுவிட்டார்கள். 1215-ல் கூடிய லாத்தரன் சங்கம், வருஷத்துக்கு ஒரு தடவையாவது எல்லோரும் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்று விதித்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கவனமாகக் கேளுங்கள், பின்னால் நடந்த ரகளைக்கெல்லாம் விதை இங்கேதான். தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன் அடுத்த வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிடுகிறான். ஓடிப்போய் அழுகிறான். அந்த வீட்டு மாமா, 'சரி போடா' என்று மன்னித்துவிடுகிறார். ஆனால் கண்ணாடி உடைந்தது உடைந்ததுதானே? அதைப் போட்டுத் தரவேண்டாமா? திருச்சபை இப்படித்தான் பிரித்தது. மனம் வருந்திச் சொன்னால் குற்றம் மன்னிக்கப்படும். ஆனால் குற்றத்துக்கான தண்டனையில் ஒரு பகுதி பாக்கி நிற்கும். அதைப் பூமியிலேயே தவத்தாலும் தர்மத்தாலும் தீர்க்கலாம். தீராமல் செத்துப்போனால், மோட்சத்துக்குப் போகும் வழியில் உத்தரிக்கிற ஸ்தலத்தில் நெருப்பில் கிடந்து தீர்க்க வேண்டும்.

இந்தப் பாக்கியைக் குறைக்கிற சலுகைதான் பின்னாளில் பாவமன்னிப்புச் சீட்டு ஆனது. 1095-ல் போப் இரண்டாம் அர்பன், ஜெருசலேமை மீட்கப் புறப்படும் சிலுவைப் போர் வீரர்களுக்கு இதைக் கொடுத்தார். 1300-ல் போப் எட்டாம் போனிஃபேஸ், ஜூபிலி ஆண்டு என்று அறிவித்து, ரோமுக்கு யாத்திரை வந்தவர்களுக்குக் கொடுத்தார். 1343-ல் போப் ஆறாம் கிளமெண்ட் இதற்கு ஒரு கணக்கியல் விளக்கமே தந்தார். இயேசுவும் புனிதர்களும் சேர்த்த புண்ணியம் ஒரு பெரிய கஜானா. சாவி திருச்சபையிடம். தேவைப்பட்டவர் கணக்கில் அதிலிருந்து எடுத்து வரவு வைக்கலாம். காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒருவருடைய உபரி, இன்னொருவருடைய ஓவர்டிராஃப்டுக்கு ஈடு!

1476-ல் போப் நாலாம் சிக்ஸ்டஸ் கடைசி மடையையும் திறந்துவிட்டார். உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, செத்துப்போனவர்களுக்காகவும் வாங்கலாம்.

செத்துப்போன அம்மா நெருப்பில் கிடக்கிறாள். உங்கள் மடியில் காசு இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

இப்போது இரும்புப் பெட்டிக்கு வருவோம்.

ஆல்பிரெக்ட் என்று ஒரு இளவரசர். பிராண்டன்பர்க் ராஜ குடும்பம். 1513-ல் மாக்டபர்க் பேராயர் ஆகிவிட்டார். ஹால்பர்ஷ்டாட் மறைமாவட்டமும் அவர் கையில். அடுத்த வருஷம் மைன்ஸ் பேராயர் பதவி காலியானது. ஜெர்மனியிலேயே பெரிய பதவி அதுதான். சக்ரவர்த்தியைத் தேர்ந்தெடுக்கிற ஏழு ஓட்டுகளில் ஒன்று அதற்கு உண்டு. ஆல்பிரெக்ட் அதற்கும் ஆசைப்பட்டார். வயசு 24. விதிப்படி முப்பது ஆகியிருக்க வேண்டும். ஒரே ஆள் இத்தனை பதவி வகிக்கவும் கூடாது. விதி என்று இருந்தால் விலக்கு என்றும் இருக்கும் அல்லவா? ரோமில் அதற்கு விலை 10,000 டுகாட். பதவிக்கான வழக்கமான கட்டணம் தனி. மைன்ஸ்காரர்களோ பத்து வருஷத்தில் மூன்றாவது தடவையாக அந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டிய நிலையில் நொந்துபோயிருந்தார்கள்.

ஆல்பிரெக்ட் கடன் வாங்கினார். கொடுத்தவர் ஆக்ஸ்பர்க் நகரத்து யாகோப் ஃபுக்கர். அன்றைய ஐரோப்பாவில் ராஜாக்களே கைகட்டி நின்ற பாங்கர். தொகை, 29,000 கில்டர்.

திருப்பிக் கட்டுவது எப்படி? போப் பத்தாம் லியோ வழி சொன்னார். ரோமில் 1506-லிருந்து புனித பீட்டர் பேராலயத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நிதி திரட்ட பாவமன்னிப்புச் சீட்டு. ஆல்பிரெக்டின் எல்லைக்குள் விற்பதில் பாதி பேராலயத்துக்கு, பாதி ஃபுக்கரின் கடனுக்கு. பாதி விஷயம் ஊருக்குத் தெரியும். மறுபாதி தெரியாது.

ரேட் கார்டு போட்டார்கள். ராஜா ராணிகளுக்கும் பேராயர்களுக்கும் 25 கில்டர். பிரபுக்களுக்குப் பத்து. வசதியான வியாபாரிகளுக்கு மூன்று. கைத்தொழில்காரர்களுக்கு ஒன்று. காசே இல்லாதவர்கள் ஜெபமும் உபவாசமும் இருந்தால் போதும், மோட்சம் பணக்காரர்களுக்கு மட்டுமா என்ன! இறந்தவர்களுக்காக வாங்குகிறவர் பாவசங்கீர்த்தனம்கூடச் செய்ய வேண்டியதில்லை, காசைப் போட்டால் போதும் என்று ஆல்பிரெக்டின் விற்பனைக் குறிப்பிலேயே இருந்தது.

யூட்டர்போக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது விட்டன்பர்க். அது சாக்ஸனி மன்னர் ஃபிரெடரிக்கின் எல்லை. டெட்சல் உள்ளே வரக்கூடாது என்று அவர் தடை போட்டுவிட்டார். கொள்கைக்காக என்று அவசரப்பட்டுக் கைதட்டாதீர்கள். அவரிடமும் ஆயிரக்கணக்கான புனிதப் பொருள்கள் இருந்தன. காணிக்கை போட்டு அவற்றைத் தரிசித்தால் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தண்டனை குறையும். 1520 வாக்கில் அந்தக் குறைப்பு 19 லட்சம் வருஷங்களுக்கு மேல் போயிருந்தது. போட்டிக் கடை எதற்கு?

ஆனால் விட்டன்பர்க் ஜனங்கள் எல்லை தாண்டிப் போய் வாங்கிவந்தார்கள். வந்தவர்கள் தங்கள் பாவசங்கீர்த்தனக் குருவிடம் சீட்டை நீட்டினார்கள். இனி மனந்திரும்ப என்ன இருக்கிறது, இதோ ரசீது!

அந்தக் குருவின் பெயர் மார்ட்டின் லூதர்.

தப்பான ஆளிடம் நீட்டிவிட்டார்கள். பாவக் கடனுக்கு அவர் அளவுக்குப் பயந்து நடுங்கியவர் யாருமில்லை. வக்கீலுக்குப் படிக்கப் போன பிள்ளை. 1505-ல் வழியில் ஒரு இடி. மயிரிழையில் தப்பினார். துறவி ஆகிறேன் என்று அந்த இடத்திலேயே நேர்ந்துகொண்டார். மடத்தில் உபவாசம், குளிர், தூக்கமில்லாத ராத்திரிகள். மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம். முடித்துவிட்டு வெளியே வந்தால் ஏதோ ஒன்று விட்டுப்போன ஞாபகம் வரும். கேட்டுக் கேட்டு மேலதிகாரி ஷ்டாவ்பிட்ஸே அலுத்துப்போனார். 1510-ல் ரோமுக்குப் புறப்பட்டார். அங்கே, அப்பா அம்மா இன்னும் சாகவில்லையே, செத்திருந்தால் இப்போதே கரையேற்றிவிடலாமே என்று வருத்தப்பட்டதாகப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். புனிதப் படிக்கட்டின் 28 படிகளைத் தாத்தாவுக்காக முழங்காலால் ஏறினார். உச்சிக்குப் போனதும் ஒரு சந்தேகம். இதெல்லாம் உண்மைதானா?

விடை, பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தில் கிடைத்தது. கடவுளின் நீதி என்பது நம்மை அளந்து பார்த்துத் தண்டிக்கிற தராசு என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். இல்லை, அது கடவுள் நமக்குச் சும்மா கொடுக்கிற வெகுமதி. நம்பி வாங்கிக்கொள்ள வேண்டியது மட்டும்தான் நம் வேலை. நகை ஏற்கெனவே மீட்கப்பட்டாயிற்று. முழுப் பணமும் சிலுவையில் கட்டியாயிற்று. மறுபடி வட்டி கேட்கிறவன் யார்?

1517 அக்டோபர் 31. லூதர் 95 வாதங்களை எழுதி ஆல்பிரெக்டுக்கே அனுப்பினார். சர்ச் கதவில் ஆணியடித்தார் என்று ஊரெல்லாம் சொல்லும் கதைக்கு அவர் வாயால் சாட்சி கிடையாது. அவர் இறந்தபிறகு நண்பர் மெலங்தன் எழுதியதுதான். அது போகட்டும். கேட்ட கேள்விகளைப் பாருங்கள். போப்பால் ஆத்மாக்களை விடுவிக்க முடியும் என்றால், காசுக்காக ஏன், கருணைக்காக மொத்தப் பேரையும் விடுவிக்கக் கூடாதா? அத்தனை பணக்காரர், தன் சொந்தக் காசில் பேராலயம் கட்டக் கூடாதா? ஏழைக்குக் கொடுப்பது சீட்டு வாங்குவதைவிட மேல் இல்லையா?

இவை லத்தீனில், பண்டிதர்கள் விவாதிக்க எழுதப்பட்டவை. ஆனால் அச்சு யந்திரம் வந்துவிட்டதே! வருஷம் முடிவதற்குள் லைப்சிக், நூரம்பர்க், பாசல் நகரங்களில் அச்சாகிவிட்டது. 1520-ல் போப்பின் எச்சரிக்கை வந்தது. லூதர் அதைத் தீயில் போட்டார். 1521 ஜனவரியில் சபையிலிருந்து நீக்கம். ஐரோப்பா இரண்டாகப் பிளந்தது. அடுத்த நூறு வருஷத்துக்கு மேல் மீட்பின் பெயரால் ஓடிய ரத்தத்துக்குக் கணக்கில்லை.

டெட்சல் என்ன ஆனார்? இரண்டு பக்கமும் அவர் தலையிலேயே பழியைப் போட்டார்கள். 1519-ல் லைப்சிக் மடத்தில் நோயாளியாகச் செத்துப்போனார். கடைசி நாட்களில் அவருக்கு ஆறுதல் சொல்லி ஒரு கடிதம் வந்தது. இது உங்களால் ஆரம்பித்ததல்ல, வருந்தாதீர்கள் என்று. எழுதியவர் லூதர்.

கத்தோலிக்கச் சபையும் சும்மா இருக்கவில்லை. 1563-ல் திரெந்து சங்கம் இந்த வியாபாரத்தைக் கண்டித்தது. 1567-ல் போப் ஐந்தாம் பயஸ், காசு சம்பந்தப்பட்ட சலுகைகளை எல்லாம் ரத்து செய்தார். சலுகை இன்றும் உண்டு, 2025 ஜூபிலி ஆண்டிலும் கொடுத்தார்கள். விலைதான் கிடையாது. லூதரின் வழி வந்தவர்கள் கடல் தாண்டி 1706-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். அவர்களில் ஒருவரான சீகன்பால்கு மொழிபெயர்த்து 1715-ல் அச்சில் முடித்த தமிழ்ப் புதிய ஏற்பாடுதான், இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு.

482 வருஷம் கழித்து, 1999-ல் அதே அக்டோபர் 31 அன்று கத்தோலிக்கரும் லூதரன்களும் ஒன்றாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். மீட்பு கடவுளின் கிருபையால், விசுவாசத்தால். மனிதன் செய்யும் நற்செயல் அதற்கு விலை அல்ல, அதன் விளைவு என்று. கையெழுத்தான ஊர் எது தெரியுமா? ஆக்ஸ்பர்க். ஃபுக்கரின் ஊர்.

அந்த ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. ஆல்பிரெக்டுக்குக் கடன் கொடுத்த அதே யாகோப் ஃபுக்கர், 1521-ல் ஏழைகளுக்காக ஏற்படுத்திய குடியிருப்பு. ஃபுக்கரை என்று பெயர். இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். அன்று வருஷ வாடகை ஒரு கில்டர். இன்றும் அதே மதிப்புத்தான், 88 யூரோ சென்ட். கூடவே ஒரு நிபந்தனை. தினமும் மூன்று ஜெபம் சொல்ல வேண்டும், ஃபுக்கர் குடும்பத்தின் ஆத்மாக்களுக்காக.

வட்டியிலேயே வளர்ந்த மனுஷர். தன் கணக்கை மட்டும் அவர் ஏழைகளின் வாயில் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஐந்நூறு வருஷமாக அது வரவாகிக்கொண்டே இருக்கிறது. தீர்ந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டிய கணக்குப்பிள்ளை இந்த ஊர்க்காரர் இல்லை.