சொன்னால் என்ன ஆகும்? இங்கிலாந்துப் பள்ளிகளில் இணையப் பாதுகாப்புக் கல்வி

இணையப் பாதுகாப்பு என்றதும் பள்ளி நிர்வாகங்கள் முதலில் தேடுவது பூட்டை. இன்ன தளம் திறக்காது, இன்ன படத்தை அனுப்பாதே என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. ஏடாகூடமாக ஏதேனும் நடந்த மறுநாள் ஒரு பிள்ளை ஆசிரியரிடம் வாய் திறக்குமா என்பதே இக்கல்வியின் உரைகல் என்பது என் வாதம். சொன்னால் அடுத்து என்ன ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்த பிள்ளைதான் வாய் திறக்கும். இங்கிலாந்தின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. அங்கே சரியாகச் செய்ததும் உண்டு, கோட்டைவிட்டதும் உண்டு.

பூட்டின் வலு எவ்வளவு என்பது அங்கே முன்பே தெரிந்துவிட்டது. பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பு 35 பள்ளிகளைப் பார்வையிட்டு 2010-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இணையப் பாதுகாப்பில் மிகச் சிறந்தவை என அது மதிப்பிட்ட ஐந்து பள்ளிகளும் எல்லாவற்றையும் அடைத்து வைத்தவை அல்ல. மேற்பார்வையோடு திறந்துவிட்டு, மாணவரே பொறுப்பேற்கப் பழக்கியவை. 2014-இல் நடைமுறைக்கு வந்த கணினிப் பாடத்திட்டமும் ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கே ஒன்றைச் சொல்லித்தரப் பணித்தது: இணையத்தில் பார்த்ததோ பழகியவரோ மனத்தை உறுத்தினால் எங்கே போய் உதவி கேட்பது. ஏட்டளவில் நல்ல தொடக்கம்தான்.

ஆனால் 2021-இல் அதே ஆஃப்ஸ்டெட் 32 பள்ளி, கல்லூரிகளில் 900-க்கும் மேற்பட்ட இளையோரிடம் பேசியபோது வேறு சித்திரம் கிடைத்தது. பார்க்க விரும்பாத ஆபாசப் படங்கள் தங்களுக்கோ தங்கள் வயதுப் பிள்ளைகளுக்கோ அடிக்கடியோ சில சமயமோ வருவதாகப் பெண்பிள்ளைகளில் கிட்டத்தட்ட 90 விழுக்காட்டினர் கூறினர். பெரியவர்களிடம் இதைச் சொல்வோர் குறைவு. சொன்னபின் விஷயம் கைமீறிப் போய்விடும், கூட்டாளிகள் ஒதுக்கிவிடுவார்கள், பழி தங்கள் மேலேயே விழும் என்று அவர்கள் அஞ்சினர். உதவி கேட்க எங்கே போவது என்பது பாடத்திட்டத்தில் இருந்தும், அவர்கள் அங்கே போகத் தயங்கினார்கள். என்னைக் கேட்டால், இது அறியாமை அல்ல, கணக்குப் போட்டுப் பார்த்து எடுத்த முடிவு.

அந்தக் கணக்கு தவறென்று சொல்லவும் முடியாது. 1978-ஆம் ஆண்டுக் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம், பெரியவர்கள் பிள்ளைகளை ஆபாசப் படமெடுத்துச் சுரண்டுவதைத் தடுக்க வந்தது. 2003-இல் இயற்றிய பாலியல் குற்றங்கள் சட்டம் அதன் வயது வரம்பை 16-இலிருந்து 18-ஆக உயர்த்தியது. விளைவாக, தன் அந்தரங்கப் படத்தைத் தானே எடுத்து அனுப்பும் பதினேழு வயதுப் பெண்கூடச் சட்டத்தின் எழுத்துப்படி குற்றவாளி. 'அனுப்பினால் குற்றம்' என்று வகுப்பில் சொல்வது உண்மையே. ஆனால் ஏமாந்து அனுப்பிவிட்டு மிரட்டலுக்கு ஆளானவளின் வாயை அடைப்பதும் அதே உண்மைதான். இந்தச் சிக்கலைத் தளர்த்த 2016 சனவரியில் காவல்துறைக்கு ஒரு வழி தரப்பட்டது: குற்றம் பதிவாகும், மேல்நடவடிக்கை பொதுநலனுக்கு உகந்ததன்று எனக் கருதினால் கோப்பை மூடிவிடலாம். பிற்காலத்தில் வேலைக்கான விரிவான பின்னணிச் சரிபார்ப்பில் அப்பதிவு தலைகாட்டும் வாய்ப்பு மட்டும் முற்றிலும் நீங்கவில்லை. அரைத் தீர்வுதான், இருந்தாலும் மாணவருக்குத் தெரிய வேண்டிய தீர்வு.

ஆசிரியருக்கான வழிகாட்டுதல் இதைவிடத் தெளிவானது. கலங்கிய முகத்தோடு ஒரு மாணவி கைப்பேசியை நீட்டினால் ஆசிரியர் படத்தைப் பார்க்கக் கூடாது. தனக்கு அனுப்பச் சொல்லக் கூடாது. 'அழித்துவிடு' என்றும் சொல்லக் கூடாது. 'ஏன் அனுப்பினாய்' என்ற தொனியே எழக் கூடாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்ற வாக்குறுதிக்கும் இடமில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் இதற்கென உள்ள பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் உடனே சொல்லியாக வேண்டும். 2021 முதல் இன்னொரு வாயிலும் உண்டு. 18 வயதுக்குட்பட்டவர் தன் படத்தைப் பற்றித் தானே முறையிடலாம். இணையக் கண்காணிப்பு அறக்கட்டளை அப்படத்துக்கு எண்வடிவ அடையாளம் ஒன்றை உருவாக்கி நிறுவனங்களுக்குத் தருகிறது. அந்நிறுவனங்களுக்குப் படத்தையே அனுப்பாமல் அதன் பரவலைத் தடுக்க அது உதவுகிறது. இத்தனையும் ஆசிரியர் பயிற்சிக் கையேட்டுக்குள் அடைந்து கிடப்பானேன்? இதுவே மாணவருக்கான பாடமாக வேண்டும்.

கைப்பேசியைப் பள்ளியில் தடை செய்தால் போதும் என்போர் உண்டு. வகுப்பில் கவனம் சிதறாதிருக்க அது உதவலாம்; நள்ளிரவில் வரும் மிரட்டலுக்குப் பள்ளியின் தடை என்ன செய்யும்?

இந்தியாவில் நம் நிலை இங்கிலாந்தைவிட இறுக்கமானது. 2012-இன் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, பிள்ளைகள்மீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தம் கீழுள்ள ஒருவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. ஆசிரியருக்கு நெளிவு சுளிவே இல்லை. 1098, 14417 என்ற உதவி எண்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். அழைத்தால் யார் எடுப்பார்கள், அப்பாவுக்குத் தெரிந்துவிடுமா, போலீஸ் வீட்டுக்கு வருமா என்பவைதான் எட்டாம் வகுப்புப் பெண்ணின் கேள்விகள். எண்ணைச் சொல்லும் அதே வகுப்பில் இவற்றுக்கும் ஒளிவுமறைவில்லாத விடை சொல்ல வேண்டும், அந்த விடை அவளுக்குப் பிடிக்காததாக இருந்தாலும்.