கோபுரத்தின்மேல் ஒரு காவலாளன்



2020 பிப்ரவரி 29 அன்று நம் மாதவரத்தில் இரசாயனக் கிடங்கு ஒன்று பற்றி எரிந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நாம் அஞ்சி விலகிய அந்தக் கரும்புகையை நோக்கித் தீயணைப்பு வீரர்கள் விரைந்தார்கள். அத்தகைய ஊழியருக்காக எழும்பிய பழைமையான கட்டடம் ஒன்று, நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரில் உண்டு.

ஹில் தெருவிலுள்ள மத்தியத் தீயணைப்பு நிலையம் 1909-இல் பணியைத் தொடங்கியது. அதன் அருகில் 1835-இல் கட்டப்பட்ட ஆர்மீனியத் தேவாலயம் நிற்கிறது. செங்கல்லின் சிவப்பும் பூச்சின் வெண்மையும் மாறிமாறி வரும் நிலையத்தின் எழில் இன்றும் வழிப்போக்கரை நிறுத்துகிறது.

ஆயினும் அதன் உயர்ந்த கோபுரம் அழகுக்காக மட்டும் எழுப்பப்பட்டதன்று. தொலைபேசி அரிதாயிருந்த அந்நாளில், வீரர் அதன்மேல் நின்று, நகரில் எங்கேனும் புகை எழுகிறதா என்று நோக்கியிருப்பார். நனைந்த தண்ணீர்க் குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்தியதும் அங்கேதான். ஈரத்தோடு சுருட்டிவைத்த துணிக்குழாய் மக்கிப்போகும். அடுத்த தீயில் கைகொடாது.

1998-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட பின்பும், அந்நிலையம் தன் பணியை நிறுத்தவில்லை.

எசேக்கியேல் 33-ஆம் அதிகாரத்தின் காவலாளனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆபத்தைக் காண்பதும், கண்டதை உரத்துச் சொல்வதும் அவன் கடமை. தீயில்லாத நாளில் குழாயை உலர்த்துவதும் அதே ஊழியத்தின் பங்கே. இந்த வாரம் உங்கள் அடுப்பின் எரிவாயுக் குழாயைச் சோதியுங்கள். 101 என்னும் எண்ணைப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். தீயணைப்பு வீரர்களைப் பெயரறியாமலேனும் உங்கள் ஜெபத்தில் தாங்குங்கள்.